ரோசாரியோ அம்மாள் வீட்டு அடுப்பு சூடேறாத விவரம்

இராயபுரம், கல்மண்டபம்,
மே மாதம், 1951.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் வேதமாணிக்கம் அவர்களுக்கு,

உங்கள் தங்கை தங்கபுஷ்பத்தைக் கட்டிய ராசையா மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் இவ்விடத்தில் நானும் உங்கள் தங்கையும் மகள் தேவகிருபையும் சுகம். மளிகைக்கடையும் சுகம். அவ்விடத்தில் நீங்களும் அக்காளும் பிள்ளைகளும், தூத்துக்குடி ஊருக்கே ரொட்டி சுட்டுப் போடும் உங்கள் கடை அடுப்பும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். அடுப்பைப் போய் ஏன் தனியாக விசாரிக்கிறான் என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் மற்ற எல்லாரும் சுகமாயிருக்க, ஒரு அடுப்புக்கு மட்டும் சுகமில்லை. அதற்கு வைத்தியம் கேட்டுத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும் என்று இப்போதே தெரிகிறது. கடையில் கூட்டம் இல்லாத நேரமாய்ப் பார்த்து உட்கார்ந்து படிக்கவும்.

புரசைவாக்கத்துச் சிலுவையம்மாள் நம் கிருபையைத் தன் மகன் மனோகரனுக்குக் கேட்டிருப்பதைப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். நல்ல இடம். பையன் கப்பல் ஏஜென்சி ஒன்றில் குமாஸ்தா, தலை நிமிர்ந்து பேச மாட்டான், அவனுக்கும் சேர்த்து அம்மாள் பேசுவார்கள். யுத்தத்துக்கு முன்னால் ரங்கூனில் பெரிய கடை வைத்திருந்தவர்கள். குண்டு விழுந்தபோது எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டு வந்தார்கள், கேக் ருசியை மட்டும் விடாமல் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கமாம். உறுதி பேச வரும் அன்று, பெண் தன் வீட்டு அடுப்பில் தன் கையால் சுட்ட கேக்கை மாப்பிள்ளையின் அம்மா வெட்ட வேண்டும். கத்தி உள்ளே போய் மாவு ஒட்டாமல் வெளியே வந்தால் பெண் உறுதி. ஒட்டிக்கொண்டு வந்தால் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்களாம். ஏற்கெனவே பெரம்பூரில் ஒரு வீட்டில் காப்பியோடு எழுந்துவிட்டார்கள் என்று கேள்வி. வருகிற சனிக்கிழமை நம் வீட்டுக்கு வருகிறார்கள். கடையில் வாங்கின கேக்கை வைத்து ஏமாற்றலாமா என்றால், அந்த அம்மாள் வந்ததும் முதலில் அடுப்பைத் தொட்டுப் பார்ப்பார்களாம்.

கிருபைக்குத் திருவொற்றியூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்திச்சி வேலைக்கு ஆர்டர் வந்திருப்பதையும் எழுதியிருந்தேன் அல்லவா? ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது சேர வேண்டும். சிலுவையம்மாளிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். "எங்க வீட்டு மருமக கையில சாக்பீஸ் எதுக்கு?" என்று ஒரே வார்த்தையாகக் கேட்டார்கள். அதோடு நாங்களும் அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். கிருபை ஒன்றும் சொல்லவில்லை. அவள் அமைதியான பெண் என்பது உங்களுக்குத்தான் தெரியுமே.

ஆக, கேக் சுட அடுப்பு வேண்டும். எங்கள் தெருக்கோடியில் ரயில்வே டிரைவர் ரோசாரியோ என்று ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருந்தது. அவர் ரிடையர் ஆகி, குடும்பத்தோடு சீமைக்குக் கப்பலேறப் போவதால் வீட்டுச் சாமான்களை விற்றார்கள். அதில் ஒரு இரும்பு அடுப்பு. மச்சான், அதை நீங்கள் பார்க்க வேண்டும். ஆள் இடுப்பு உயரம், நாலு கால், இடது பக்கம் தீப்போட ஒரு சின்னக் கதவு, வலது பக்கம் கேக் வைக்க ஒரு பெரிய கதவு, பின்னால் புகைக்குழாய், மேலே சட்டி வைக்க வட்ட வட்டமாய் மூடிகள். கிறிஸ்துமஸ் வந்தால் ரோசாரியோ அம்மாள் அதில் சுடும் கேக் வாசனை கல்மண்டபம் முழுக்க வரும், நாங்கள் எல்லாரும் மூக்காலேயே சாப்பிட்டிருக்கிறோம். அதை வாங்கிக்கொண்டு வரப் போன அன்று, அந்த அம்மாள் கிருபையைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு இங்கிலீஷில் ரொம்ப நேரம் என்னமோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கதவுக் கீல் எப்படித் தேயாமல் இருக்கிறது என்பதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததால் காதில் வாங்கவில்லை. விடைபெறுகிற பேச்சாக இருக்கும். அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டது மட்டும் தெரிந்தது. அடுப்பை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். தெருவே வாசலில் நின்று பார்த்தது, தேர் வருகிறதைப் போல.

முதல் கேக் போட்டோம். மாவு கலக்கியது கிருபை, அடுப்பைத் தயார் செய்தது உங்கள் தங்கை. செய்ய வேண்டிய முறைகளில் ஒரு குறையும் வைக்கவில்லை. மண்சட்டியில் கடல்மணல் பரப்பி, அதன்மேல் கேக் தட்டை வைத்து, மூடியின் மேல் தணல் போட்டுச் சுடுவதுதானே நம் பக்கத்து வழக்கம்? அதே முறையில் இந்த இரும்புப் பெட்டிக்குள்ளும் நல்ல மணலாக ஒரு கூடை கொட்டிப் பரப்பினாள். மணல் யார் கொண்டுவந்தது என்றால் மீன்காரி அங்கம்மா. காசிமேட்டுக் கரையிலிருந்து தினம் காலையில் நம் வாசலுக்கு வருகிறவள், மீனை விற்று முடித்த கூடையிலேயே மறுநாள் மணல் அள்ளிக்கொண்டு வந்தாள். "தண்ணி மோதுற எடத்துல அள்னது நைனா, அவ்ளோ சுத்தம்" என்றாள். இடது பக்கம் சவுக்கு விறகு போட்டுத் தீ மூட்டினோம். மேலே வைத்த காப்பித்தண்ணி நிமிஷத்தில் கொதித்தது. எனக்கு ஒரே பூரிப்பு. ஆனால் வலது பக்கத்துக் கதவைத் திறந்தால் உள்ளே புஸ்ஸென்று ஆவிதான் வந்தது. கேக் தொட்டால் ஆடியது. அதை வெட்டவில்லை மச்சான், ஊற்றினோம்.

இங்கேதான் எனக்கு அந்த ஆராய்ச்சிக் கிறுக்கு பிடித்துக்கொண்டது. எங்கள் கல்யாணத்தன்று கோயில் மணி ஏன் ஒரு பக்கம் மட்டும் அடிக்கிறது என்று பார்க்க நான் மேலே ஏறிப்போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதே கிறுக்குதான். அதே அடுப்பு, அதே விறகு, அதே தெரு. ரோசாரியோ வீட்டில் சூடேறியது நம் வீட்டில் ஏன் சூடேறவில்லை? யோசித்துப் பாருங்கள், ரொம்ப அழகான கேள்வி. கடையில் உட்கார்ந்தாலும் இதே நினைப்பு, துவரம்பருப்பு கேட்டவருக்கு உளுந்தைக் கட்டிக்கொடுத்துவிட்டேன். முதலில் உள்ளே எவ்வளவு சூடு என்று தெரிய வேண்டும் என்று ஒரு கிண்ணத்தில் நெய்யை வைத்தேன். உருகியது. சந்தோஷப்பட்டேன். பிறகுதான் இந்த வெயிலில் சமையல் மேடையில் வைத்தாலே நெய் உருகும் என்று கிருபையின் அம்மா ஞாபகப்படுத்தினாள். அப்பளம் வைத்தேன், நமுத்துப் போய் வந்தது. முட்டை வைத்தேன். ரொம்ப நேரம் கழித்து எடுத்து உடைத்தால், மச்சான், கோழி இட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. வெளியே மண்டையைப் பிளக்கிற கத்திரி வெயில், இராயபுரத்திலேயே குளிர்ந்த இடம் எங்கள் அடுப்புக்குள்தான் என்றால் நம்புவீர்களா?

அடுப்பு நிலை கோணலாக இருக்கலாம் என்று நாலு காலுக்கும் செங்கல் கொடுத்தேன். வாசலில் இருந்து வரும் கடல்காற்று அதற்கு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று திசையைத் திருப்பினேன். அந்தப் பக்கம் திருப்பினால் ஜன்னல், இந்தப் பக்கம் திருப்பினால் நாங்கள் போய்வர வழி இல்லை. இரண்டு நாள் எல்லாரும் கொல்லைப்புறம் சுற்றித்தான் சமையலறைக்குப் போனோம். ஒவ்வொரு தரம் கேக் வேகாமல் போகும்போதும் உங்கள் தங்கை, "சூடு போதல, மணலு பத்தாதுங்க" என்று சொல்லி இன்னொரு கூடை வரவழைத்துக் கொட்டினாள். அவள் அசரவில்லை என்பதைப் பெருமையோடு எழுதுகிறேன். இப்போது மணல் பாதிப் பெட்டிக்கு மேலே வந்துவிட்டது, கேக் தட்டைச் சாய்த்துத்தான் உள்ளே தள்ள வேண்டும். அப்படித் தள்ளியதில் போன கேக்கின் தலை பெட்டியின் கூரையில் முட்டிக் கருகிப் போய்விட்டது, அடி மட்டும் பச்சை மாவாகவே இருந்தது. கிருபை ஒவ்வொரு தரமும் வாய் பேசாமல் மறுபடி முட்டையை அடித்தாள். பாவம், பிள்ளைக்குக் கைதான் வீங்கிப் போயிற்று.

பிறகு ஆள் பிடித்தேன். பக்கத்து லைனில் தண்டபாணி என்று ஒருவர், கப்பல் பட்டறை ஒன்றில் பாய்லருக்குத் தீப்போடுகிறவர். வந்து பார்த்தார். ஒரு பீடியைப் பற்றவைத்துப் புகையைப் புகைக்குழாய் வாயில் ஊதினார், தலையை ஆட்டினார். "இஸ்க்கல சார். பொகை மேல இஸ்க்கணும். இஸ்த்தாத்தான் சூடு ஏறும். ஒங்க பொட்டி இஸ்க்கவே இல்ல" என்றார். குழாய் புகையை இழுக்கவில்லை என்கிறார், எனக்கு இது நியாயமாகப் பட்டது. உடனே கடையிலிருந்து காலி மண்ணெண்ணெய் டின்களை எடுத்துக்கொண்டு போய், ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகிக் குழாயை மாடிக்கு மேலே கொண்டுபோனோம். இஸ்த்தது மச்சான். ரயில் இஞ்சின் மாதிரி இஸ்த்தது. மேலே தட்டு செக்கச்செவேலென்று ஆகி, உங்கள் தங்கை அதில் கல் இல்லாமலே தோசை சுட்டாள். புகை முழுவதும் மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர் காயப்போட்டிருந்த வேட்டிகள் மேல் போயிற்று. அவர் கீழே வந்து என்னிடம் பேசியதை நல்ல மனசோடு நான் மறந்துவிட்டேன். ஆனால் வலது கதவைத் திறந்தால் அதே ஆவி, அதே ஆடுகிற கேக். தண்டபாணி தலையைச் சொறிந்துகொண்டு, "சார், தப்பா நெனைக்காதீங்கோ. அது டிரைவர் வூட்டுப் பொட்டி. அவுங்க கேக்குல சரக்கு ஊத்துவாங்கோ. அந்த வாசனை இல்லாம அது சூடாவாது. இப்போ கவர்மெண்டுல மதுவிலக்கு போட்டாங்க இல்ல? பொட்டிக்கு அதுதான் பேஜாரு" என்றார். நான் இதைக்கூட யோசித்துப் பார்த்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

அங்கம்மா விஷயம் வேறு. அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரே சந்தேகம்தான். "நைனா, தெருவே நின்னு பாத்துச்சே, கண்ணு பட்டுகீது. ஒண்ணும் பேசாத. மொளகா கொண்டா" என்றாள். உங்கள் தங்கை இதெல்லாம் நம் வீட்டில் கூடாது என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டாள், ஆனால் போகும்போது மிளகாய் டப்பாவை மேடைமேல் எடுத்து வைத்துவிட்டுப் போனாள். அங்கம்மா அடுப்பை மூன்று சுற்றுச் சுற்றி, மிளகாயைத் தீயில் போடாமல் கேக் பெட்டிக்குள் போட்டுக் கதவைச் சாத்தினாள். கண் பட்டிருந்தால் நெடி வராது, பட்டிருக்காவிட்டால் இருமல் வரும், அதுதான் கணக்கு. நெடி வரவே இல்லை. ஒரு தும்மல்கூட இல்லை. "பாத்தியா? அவ்ளோ கண்ணு!" என்று வாயில் கை வைத்தாள். கதவைத் திறந்தால் மிளகாய் மணல்மேல் சொகுசாகப் படுத்திருந்தது.

இதில் இன்னொரு மர்மமும் இருக்கிறது. கேக்கில் நெத்திலி வாசனை வருகிறது. நான் முகர்ந்தேன், உங்கள் தங்கை முகர்ந்தாள், மாடி வீட்டுக்காரர் சமாதானம் பேச வந்தபோது அவரும் முகர்ந்தார், மூன்று பேருக்கும் நெத்திலிதான். மாவு நம் கடை மாவு, சீனி ரேஷன் சீனி, முட்டை தெருவில் வாங்கியது. கோழிகள் கரைப்பக்கம் மேய்கிறதோ என்னவோ. அங்கம்மாவிடம் கேட்டேன். "எனுக்கு ஒரு வாசனையும் தெர்லியே நைனா, ஷோக்கா கீது" என்று ஆடுகிற கேக்கை அவள் பிள்ளைகளுக்கு வாழை இலையில் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பிள்ளைகள் மட்டும்தான் இந்தக் கேக்கைக் கேட்டுச் சாப்பிடுகிறவர்கள்.

கடைசியாகக் கம்பவுண்டர் உசேனிடம் போனேன். சூட்டை அளக்காமல் வைத்தியம் கிடையாது என்பது அவர் கொள்கை. காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக்குழாயைக் கொடுத்தார், ஜாக்கிரதை என்றார். நான் ஜாக்கிரதையாகத்தான் வைத்தேன், கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று கடிகாரம் பார்த்தேன். உள்ளே டிக் என்று ஒரு சத்தம். திறந்தால் குழாய் இரண்டு துண்டு, பாதரசம் மணலுக்குள் ஓடி ஒளிந்துகொண்டது. ஆக, அடுப்புக்குக் காய்ச்சல் இருக்கிறது என்பது உறுதி, எவ்வளவு என்பதுதான் தெரியவில்லை. அந்தக் கேக்கையும் அங்கம்மா கேட்டாள், உசேன் பாய் பதறிப் போய்த் தடுத்து, அவரே குழி தோண்டிப் புதைத்துவிட்டார். மேல்மணலையும் வழித்து அள்ளிக் கூடவே புதைக்கச் சொன்னார். போன மணலுக்குப் பதிலாக உங்கள் தங்கை வேறு கூடை வரவழைத்துவிட்டாள்.

மச்சான், சிரிக்காதீர்கள். எனக்கு இந்த ஆராய்ச்சியில் வேடிக்கை இருந்தது உண்மை, ஆனால் இன்று விடிந்ததிலிருந்து காலண்டரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை நெருங்கிவிட்டது. கத்தியில் மாவு ஒட்டினால் அந்த அம்மாள் எழுந்து போவார்கள், போகிற வழியில் கோயிலில், கடைத்தெருவில், புரசைவாக்கம் முழுவதும் சொல்லிக்கொண்டே போவார்கள். ராசையா மகளுக்குக் கேக் வேகவில்லை என்று பேர் வந்தால் அதற்கப்புறம் அவளை யார் கேட்பார்கள்? எனக்கு அவள் ஒருத்திதானே. ஆகையால் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். கடிதம் கண்டவுடன் நீங்களும், உங்கள் ரொட்டி அடுப்பைக் கவனிக்கும் ஆளும் மெயில் ரயிலைப் பிடித்து வெள்ளிக்கிழமைக்குள் இங்கே வந்து இறங்க வேண்டும். அடுப்புக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை, எதைக் கூட்ட வேண்டும், எதைக் கழிக்க வேண்டும் என்று நீங்கள் ஒரு பார்வை பார்த்தால் போதும். வரும்போது தூத்துக்குடி மணல் உசத்தி என்று தோன்றினால் ஒரு சாக்கு கொண்டுவரவும். இங்குள்ள மணல் பழகாததாலும் இருக்கலாம் என்று தங்கபுஷ்பம் சொல்லுகிறாள்.

அக்காளுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் கடையில் மாவு பிசைகிறவர் முதல் ரொட்டி கட்டுகிறவர் வரை எல்லாருக்கும் என் அன்பு. ஆண்டவர் உங்கள் அடுப்பை என்றைக்கும் அணையாமல் காப்பாராக.

இப்படிக்கு, அடுப்பின் முன்னால் குந்தியிருக்கும் உங்கள் தங்கை வீட்டுக்காரன்,
ராசையா.

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளவும். அடுப்பில் கோளாறு இல்லை. தபாலில் போடுமுன் எழுதியதை வீட்டாருக்கு வாசித்துக் காட்டுவது என் வழக்கம். இதையும் வாசித்தேன். அந்தச் சாக்கு மணல் வரி வந்தபோது கிருபை சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள், முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இந்தக் கல்யாணப் பேச்சு ஆரம்பித்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏம்மா சிரிக்கிறே என்று கேட்டேன்.

"மணல எடுத்துட்டா வெந்துரும்ப்பா" என்றாள். "ரோசாரியோ ஆன்ட்டி அன்னைக்கே சொன்னாங்க. உள்ள ஒண்ணும் போடக் கூடாதாம், காலியா கிடந்தாத்தான் சூடு சுத்தி வருமாம்."

மூன்று பேருமாக மணலை அள்ளினோம். எத்தனை கூடை வந்தது என்று கேட்காதீர்கள். கொல்லையில் காசிமேடே வந்து குந்திக்கொண்டதைப் போல இருந்தது, நெத்திலி மர்மமும் அங்கேயே துலங்கிவிட்டது, அங்கம்மாவின் மீன்கூடையில் வந்த மணல் அல்லவா? ஈரமணல் சூட்டை எல்லாம் குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது, நாங்கள் அதற்கு மேலும் மேலும் ஊட்டியிருக்கிறோம். மண்சட்டிக்கு மணல் போடும் உங்கள் வீட்டு முறையில் குற்றமே இல்லை, இதை நான் சத்தம் போட்டுச் சொன்ன பிறகும் உங்கள் தங்கை என்னோடு பேசவில்லை. மணலைப் பற்றிச் சொன்னது கிருபை, பேச்சு நின்றது என்னோடு. இதன் காரணத்தைப் பிறகு ஆராய வேண்டும். ரொட்டி சுடுகிற நீங்கள் இந்தக் கடிதத்தின் முதல் பாதியிலேயே தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள் என்று தெரிகிறது, மன்னிக்கவும்.

காலிப் பெட்டியில் கேக் வைத்தோம். தெரு முழுவதும் வாசனை. பொன்னாக உப்பி வந்தது. கத்தியை விட்டு எடுத்தேன், கழுவி வைத்தது போல் வந்தது. துள்ளிக் குதித்திருக்க வேண்டியவன் நான். அதற்கு முன்னால் கிருபையின் முகத்தைப் பார்த்துவிட்டேன். அந்தக் கத்தியை அவள் பார்த்த பார்வை எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

"தெரிஞ்சிருந்தும் ஏன் சொல்லலம்மா?" என்றேன்.

"நீங்க யாரும் எங்கிட்ட கேக்கலையேப்பா. தண்டபாணி அண்ணன்கிட்ட கேட்டீங்க, அங்கம்மாகிட்ட கேட்டீங்க, உசேன் மாமாகிட்ட கேட்டீங்க." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கேக்கு வேகலன்னா அந்த அம்மா காப்பியக் குடிச்சிட்டுப் போயிருவாங்கன்னு நெனச்சேன். நான் ஒண்ணும் கெடுக்கலப்பா. சும்மா இருந்தேன், அவ்வளவுதான்."

"பையன் பிடிக்கலையா?"

"அவரை எனக்குத் தெரியாதே. அவங்க கேக்கப் பாக்க வாராங்க. எனக்குப் பள்ளிக்கூடம் போவணும்ப்பா."

மச்சான், கீல் ஏன் தேயவில்லை, அப்பளம் ஏன் நமுக்கிறது, மணி ஏன் ஒரு பக்கம் அடிக்கிறது, இத்தனையும் கேட்டுத் திரிந்த மனுஷன், மாவு கலக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்ற பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுப்பைப் பற்றியும் கேட்கவில்லை, அதைவிடப் பெரிய விஷயத்தைப் பற்றியும் கேட்கவில்லை. உங்கள் தங்கை அப்போதுதான் வாயைத் திறந்தாள். "பிள்ள சொல்லுதத கேளுங்க" என்றாள். அதோடு என்னை மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சிலுவையம்மாளுக்கு ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை தாராளமாக வரலாம், கேக் தயார். ஆனால் அதைச் சுடப் போகிறவன் நான். எங்கள் பெண் ஜூன் மாதம் வேலையில் சேருகிறாள். அது சம்மதம் என்றால் உட்கார்ந்து, அவளிடமே கேட்டு, மேற்கொண்டு பேசலாம். சம்மதம் இல்லை என்றால் காப்பியோடு கேக்கும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம், கத்தியில் மாவு ஒட்டாது. பதில் இன்னும் வரவில்லை. போன ஆள் சொன்னது, அம்மாள் ஒன்றும் பேசவில்லையாம், மனோகரன்தான் தலையை நிமிர்த்தி, "எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்டானாம். இந்தப் பையன் வாயைத் திறந்தது இதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன். பார்ப்போம்.

ஆகவே நீங்கள் மெயிலேற வேண்டாம் என்று எழுதி முடித்துவிட்டேன். உறையின்மேல் விலாசம் எழுதுவதற்கு முன் கிருபையைக் கூப்பிட்டு, மாமாவுக்கு வேறு ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன். இப்போது கேட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேலையில சேருற அன்னைக்கு மாமாவும் கூட வரட்டும்ப்பா" என்றாள். ஆகையால் ஜூன் மாதம் அவசியம் வரவும். அடுப்புக்காரரை அழைத்துவர வேண்டாம். நீங்கள் மட்டும் வந்தால் போதும்.